கோச், கோச்சின் மகன், குவார்ட்டர்பேக்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கிற அயோவா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. என்எஃப்எல் இல்லை, என்பிஏ இல்லை, மேஜர் லீக் பேஸ்பால் இல்லை. சோளக்காடும் பன்றிப் பண்ணையும் நிறைந்த அந்த ஊர்க்காரர்களுக்குச் சனிக்கிழமை என்றால் காலேஜ் ஃபுட்பால்தான். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு மோதிக்கொள்கிற அமெரிக்க ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன். அயோவா சிட்டி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 75,000. அங்கே அயோவா பல்கலைக்கழகத்தின் கினிக் ஸ்டேடியத்தில் 69,000 பேர் உட்காரலாம். நம் ஊரில் காலேஜ் மேட்ச் பார்க்க மரத்தடியில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் ஒன்றும் புரியாது.

அந்த மாநிலத்தில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை. கர்க் ஃபெரன்ட்ஸ் என்கிற கோச்சுக்கு. 1999-லிருந்து அந்த அணிக்கு அவர்தான் தலைமைக் கோச். அவருக்கு முன் ஹேடன் ஃப்ரை 20 வருஷம் இருந்தார். ஆக, 1979-லிருந்து இன்றுவரை அயோவாவுக்கு இரண்டே இரண்டு கோச்சுகள். இந்த விளையாட்டில் இது அதிசயம். மற்ற ஊர்களில் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒரு கோச் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார்.

இன்று நான் பேச வந்தது, இந்தக் கோச் போக வேண்டுமா இருக்க வேண்டுமா என்று அந்த ஊர் ரசிகர்கள் வருஷக்கணக்கில் போட்ட சண்டையைப் பற்றி. அதில் நடுவில் மாட்டிக்கொண்டு அடிவாங்கியவர் ஸ்பென்ஸர் பெட்ரஸ் என்கிற குவார்ட்டர்பேக்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. குவார்ட்டர்பேக் என்பவர் கையில்தான் ஒவ்வொரு முறையும் பந்து வருகிறது. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிரில் 120, 130 கிலோ ஆட்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுப்பது முன்வரிசைக்காரர்கள் வேலை. எறிந்த பந்தைப் பிடிப்பது ரிசீவர்கள் வேலை. பந்தை வைத்து முன்னேறும் பிரிவுக்கு ஆஃபன்ஸ் என்று பெயர், அதைத் தடுக்கும் பிரிவுக்கு டிஃபன்ஸ். ஆஃபன்ஸ் எந்தத் திட்டத்தில் ஆடுவது என்று வெளியிலிருந்து சொல்வது ஆஃபன்ஸ் கோஆர்டினேட்டர் என்கிற துணைக் கோச்சின் வேலை. ஆனால் டிவி கேமரா குவார்ட்டர்பேக் முகத்தில்தான் நிற்கும்.

பெட்ரஸ் கலிஃபோர்னியாப் பையன். 2020-ல் அயோவாவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். 2021 அக்டோபரில் பென் ஸ்டேட் அணிக்கு எதிராக அயோவா 23-20 என்று ஜெயித்தது. வெற்றியைத் தந்த கடைசி டச்டவுனை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதை, எறிந்து முடித்தவர் அவரே. கூட்டம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடியது, அணி நாட்டிலேயே இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அடுத்த வாரமே பர்டூ அணி அதே மைதானத்தில் 24-7 என்று கவிழ்த்துவிட்டது. அன்று பெட்ரஸ் எறிந்த பந்துகளில் நான்கு எதிரணிக்காரர் கைக்குப் போயின. ஏழு நாளில் தோளில் தூக்கியவர்கள் அவரை உட்கார வைக்கச் சொன்னார்கள்.

2022 இன்னும் மோசம். முதல் ஆட்டத்தில் தென் டகோட்டா ஸ்டேட் என்கிற, ஒரு படி கீழே ஆடுகிற அணியை அயோவா 7-3 என்று ஜெயித்தது. டச்டவுனுக்கு ஆறு, அதற்குப் பின் வரும் உதைக்கு ஒன்று, ஆக ஏழு, சரிதானே என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கிற ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று. மிச்ச நாலும் டிஃபன்ஸ்காரர்கள் எதிராளியை அவர்களுடைய எல்லைக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு தடவை மடக்கிச் சேர்த்தவை. அதற்கு சேஃப்டி என்று பெயர், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. டச்டவுனே இல்லாமல் ஏழு! அன்று எதிரணியில் குவார்ட்டர்பேக்காக ஆடி மூன்றே புள்ளியுடன் ஊர் திரும்பிய மார்க் கிரோனோவ்ஸ்கி, தன் அணியோடு இரண்டு சாம்பியன் பட்டம் வென்றுவிட்டு 2025-ல் அயோவாவுக்கே ஆட வந்தார் என்பது தனி வேடிக்கை.

அடுத்த வாரம், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான அயோவா ஸ்டேட்டிடம் 10-7 தோல்வி. அக்டோபரில் இல்லினாயிடம் 9-6 தோல்வி. அப்புறம் ஒஹையோ ஸ்டேட் 54-10 என்று நொறுக்கியது. அந்தப் பத்துப் புள்ளியிலும் டச்டவுன் டிஃபன்ஸ் அடித்ததுதான். பாதி ஆட்டத்தில் பெட்ரஸை எடுத்துவிட்டு அலெக்ஸ் படியாவை இறக்கினார் கோச். ரசிகர்கள் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். அடுத்த வாரமே மறுபடியும் பெட்ரஸ்! அந்த ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னை 33-13 என்று ஜெயித்தார்கள், அதைத் தொடர்ந்து இன்னும் மூன்று வெற்றி. சொந்த ஊர்க்காரர்களே கூவிக் கேலி செய்த பையன் வாயைத் திறக்கவில்லை, ஆடிக் காட்டினார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மவர்கள் சொல்வார்கள். எய்தவர் யார் என்று கேட்டால்தான் இந்தக் கதை சூடு பிடிக்கிறது. அயோவாவின் ஆஃபன்ஸ் கோஆர்டினேட்டர் பெயர் பிரையன் ஃபெரன்ட்ஸ். கோச்சின் மூத்த மகன்.

பிரையன் அதே அணியில் ஆடியவர், என்எஃப்எல்லில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்தவர், 2012-ல் அப்பாவிடம் திரும்பி வந்தார். 2017-ல் கோஆர்டினேட்டர் ஆனார். ஒரே குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரை மேற்பார்வை செய்யக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் விதி இருக்கிறது. அதனால் காகிதத்தில் பிரையன் தன் அப்பாவுக்குக் கீழே வேலை செய்யவில்லை. விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழே வேலை செய்தார். இயக்குநர் கேரி பார்ட்டா. இந்த ஏற்பாட்டை யார் நம்புவார்கள்? வாரிசு விவகாரங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

2022-ல் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கெஜம் முன்னேறினார்கள் என்ற கணக்கில் 131 அணிகளில் அயோவாவுக்கு 130-ஆவது இடம். அப்புறம் நடந்ததுதான் உச்சம். பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளத்தில் 50,000 டாலர் வெட்டு. 2023-ல் அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுத்து, ஏழு ஆட்டமாவது ஜெயித்தால்தான் ஒப்பந்தம் நீளும். அந்த 25-ல் டிஃபன்ஸ் அடிக்கும் புள்ளிகளும் சேர்த்தி! ஒருவருடைய வேலைத் திறமையை அளக்கும்போது அடுத்த மேசைக்காரர் செய்ததையும் அவர் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிற ஏற்பாடு. நாடு முழுவதும் சிரித்தார்கள். அந்த வருஷம் வந்த சராசரி 15.4. சீசன் முடியும் முன்பே, அக்டோபர் கடைசியில், பார்ட்டாவுக்குப் பிறகு பொறுப்பேற்ற பெத் கோட்ஸ், பிரையன் அடுத்த வருஷம் இருக்க மாட்டார் என்று அறிவித்தார். அப்பா செய்யாததை இன்னொருவர் செய்ய வேண்டியிருந்தது.

பெட்ரஸ் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நெருக்கடியில் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டுவிடும் அவருக்கு. ஓடித் தப்பிக்கும் குவார்ட்டர்பேக் இல்லை. ஆனால் சார்லி ஜோன்ஸ் என்று ஒரு ரிசீவர் கதையைக் கேளுங்கள். 2021-ல் அயோவாவில் அவர் பிடித்த பந்துகள் மொத்தம் 21. 2022-ல் பர்டூவுக்கு மாறிப் போனார். அங்கே ஒரே சீசனில் 110 பந்து பிடித்தார், 1,361 கெஜம், 12 டச்டவுன். அதே ஆள், அதே கை. அவரை வைத்துக்கொண்டு 21 பந்துக்கு மேல் எறியத் திட்டம் போடத் தெரியாதவர்கள் மேல் வர வேண்டிய கோபம், எறிந்த பையன் மேல் விழுந்தது. காரணம் எளிது. கோச்சுக்கு 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டியிருந்தார்கள், வருஷத்துக்கு 70 லட்சம் டாலர். அவரை அசைக்க முடியாது. அவர் மகனை அவரே அசைக்க மாட்டார். கூச்சல் போட்டால் மாறக்கூடிய ஒரே ஆள் குவார்ட்டர்பேக்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் அந்த வருஷமே பார்த்தோம். மாணவர்கள் ஒரு தடவை எந்தத் தடையும் இல்லாமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்று 2021-லேயே விதி வந்திருந்தது. பெஞ்சில் உட்கார வைத்தால் பையன் அடுத்த மாதம் வேறு சட்டையில் இருப்பான். நெப்ராஸ்கா ஆட்டத்தில் பெட்ரஸுக்குத் தோளில் பலத்த அடி. படியா கல்லூரி மாறக் கிளம்பிவிட்டார். சீசன் கடைசி ஆட்டத்துக்கு மிஞ்சியது, கல்லூரி ஆட்டத்தில் அதுவரை ஒரு பந்துகூட எறிந்திராத ஜோ லபாஸ். அவரை வைத்துக் கென்டக்கியை 21-0 என்று ஜெயித்தார்கள். எப்படி என்றால், மூன்று டச்டவுனில் இரண்டு டிஃபன்ஸ் அடித்தது. அயோவாவில் எந்தக் கதையும் கடைசியில் டிஃபன்ஸிடம்தான் போய் முடிகிறது.

இங்கேதான் கோச் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். இவ்வளவு கேவலமான ஆஃபன்ஸை வைத்துக்கொண்டு 2022-ல் எட்டு வெற்றி, 2023-ல் பத்து வெற்றி. ஆஃபன்ஸ் முன்னேற முடியாமல் நின்றதும் டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியக்காரர் பந்தை உதைத்து எதிராளியின் மூலைக்குத் தள்ளிவிடுவார், டிஃபன்ஸ் அங்கேயே அவர்களைக் கட்டிப்போடும். பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவதைத் தோல்வியாக எண்ணாத ஒரே ஊர் அது. டெய்லர் உதைக்க வந்தால் கைதட்டினார்கள். அப்புறம் அவர்கள் கையை மேற்கே நீட்டிப் பக்கத்து மாநிலத்தைக் காட்டுவார்கள். நெப்ராஸ்கா 2003-ல் ஒன்பது ஆட்டம் ஜெயித்த ஃபிராங்க் சோலிச்சை விரட்டியது. 2014-ல் மறுபடியும் ஒன்பது ஆட்டம் ஜெயித்த போ பெலினியை விரட்டியது. பிறகு 2017-லிருந்து 2023 வரை ஏழு வருஷம் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம். ஒன்பது போதாது என்றவர்களுக்கு ஐந்து கிடைத்தது. இந்தப் பயம் அயோவாக்காரர்கள் மனதில் ஆழமாக இருக்கிறது, நியாயமாகத்தான் இருக்கிறது. ஃபெரன்ட்ஸே முதல் வருஷம் ஆடிய 11-ல் ஒன்றுதான் ஜெயித்தார். இரண்டாம் வருஷம் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. இன்றைய பொறுமையோடு பார்த்தால் அவருக்கு மூன்றாம் வருஷமே இருந்திருக்காது.

எதிர்க்கட்சியின் பதிலும் லேசானதல்ல. 2023-ல் பத்து ஜெயித்தீர்களே, பெரிய மேடையில் என்ன ஆயிற்று? அயோவா ஆடுகிற பிக் டென் என்ற லீக்கின் இறுதியில் மிஷிகனிடம் 26-0 தோல்வி. சீசன் முடிவில் ஆடுகிற சிட்ரஸ் போல் என்ற ஆட்டத்தில் டென்னஸியிடம் 35-0 தோல்வி. இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. உலகத்தரமான டிஃபன்ஸை இப்படி வீணடிக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

என்னைக் கேட்டால், கோச்சை அனுப்பியிருக்கக் கூடாது, மகனை மூன்று வருஷம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ரசிகர்கள் அங்கே அதிகம் இருந்திருப்பார்கள். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் இரண்டு பக்கம்தான் இருக்கும்.

பிரையன் போனபின் டிம் லெஸ்டர் என்பவர் வந்தார். 2024-ல் கேலப் ஜான்சன் பந்தோடு 1,500 கெஜத்துக்கு மேல் ஓடினார், புள்ளிகள் கூடின. குவார்ட்டர்பேக் தலைவலி மட்டும் தீரவில்லை. மிஷிகனிலிருந்து நட்சத்திரமாக வந்த கேட் மெக்னமாரா முதலில் காயம், பிறகு தடுமாற்றம், கடைசியில் பெஞ்ச். அவருக்கும் அதே கூச்சல். இப்போது ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025-ல் வந்துவிட்டதால், சம்பளம் வாங்குகிறான், திட்டினால் என்ன என்று சொல்பவர்களும் கூடிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் அணியை 47-7 என்று ஜெயித்தபோது ஃபெரன்ட்ஸ் அயோவாவில் தன் 206-ஆவது வெற்றியை எட்டினார். ஒஹையோ ஸ்டேட்டின் உட்டி ஹேஸ் 205-ல் வைத்திருந்த பிக் டென் சாதனை போயிற்று. அந்தக் கோடையில்தான் அவருக்கு எழுபது வயது. 2029 வரை ஒப்பந்தம் இருக்கிறது. பெட்ரஸ் தோள் ஆறும்வரை 2023 முழுவதும் அதே அணியோடு இருந்தார். 2024-ல் யூட்டா ஸ்டேட்டுக்குப் போய் ஆடினார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஆடியதைப் பார்த்த பிறகு, அவரைத் திட்டியது அதிகம்தான் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் அயோவாக்காரர்கள் சிலர்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.