சாம்பலில் தங்குவதும் புகையில் போவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

பயிருக்கு வேண்டிய முதன்மையான மூன்று சத்துகளைத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து என்று நாம் சொல்லி வருகிறோம். மூன்றாவதாகிய பொட்டாசியத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே. விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துப் பானையில் சுண்டக் காய்ச்சி எடுத்த உப்பைத்தான் ஐரோப்பியர் பானைச் சாம்பல் என்ற பொருளில் ‘பொட்டாஷ்’ என்றனர். 1807ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி, பொட்டாஷிலிருந்து மின்சாரத்தின் உதவியால் பிரித்தெடுத்த உலோகம் பொட்டாசியம் ஆயிற்று. ஆனால் இந்தப் பெயர் நம்மைச் சற்று ஏமாற்றவும் செய்கிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியத்தை விடப் பல மடங்கு மிகுதியாக இருப்பது சுண்ணாம்பு. தோட்டத்தில் சாம்பல் தூவுகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுகிறார்.

தீ என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். ஒரு செடியோ மரக்கிளையோ எரியும்போது அதிலுள்ள கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் ஏறத்தாழ முழுவதும் காற்றோடு போய்விடுகின்றன. கந்தகத்தின் பெரும்பகுதியும் அவ்வாறே போகிறது. ஆவியாகாத சுண்ணாம்பு, பொட்டாசியம், மக்னீசியம், சிறிதளவு மணிச்சத்து, இவற்றோடு நுண்ணூட்டங்கள் சில, இவையே அடுப்பின் அடியில் தங்குகின்றன. நூறு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் கிடைக்கும் சாம்பல் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். ஆகவே தோட்டத்துக்கு உரம் வேண்டும் என்பதற்காகவே சருகையும் தழையையும் குவித்துக் கொளுத்துவது, என் கணக்கில், நட்டமான வேலை. வேறு தேவைக்காக எரித்த விறகின் சாம்பலைப் பயன்படுத்துவது வேறு; மட்கக்கூடியதை எரித்துச் சாம்பலாக்குவது வேறு.

நான் தோட்டம் போடத் தொடங்கிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விதைத்து எட்டு நாளான நாற்றங்காலில், ஊட்டம் சேரட்டும் என்று, வெண்சாம்பலைக் கை நிறைய அள்ளித் தூவி, பூவாளியால் நீரும் தெளித்தேன். மறுநாள் காலையில் நாற்றுகளின் தண்டு, மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகச் சுருங்கியிருந்தது. அடுத்த நாள் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. சாம்பல் கரைந்த நீரை விரலிடையில் தேய்த்துப் பாருங்கள், சோப்பைப் போல வழுக்கும். அது காரத்தின் வழுவழுப்பு. அந்தக் காரமும், கரைந்த உப்பின் செறிவும் இளவேருக்கு ஆகாது. விதைக்கும் போதும் நாற்று நட்ட உடனேயும் சாம்பலைத் தவிர்த்து, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணில் கொத்திக் கலந்துவிடுவது நல்லது.

அளவு என்று கேட்டால், அமிலத்தன்மையுள்ள மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 50 முதல் 100 கிராம் வரை போதும். அமிலத்தையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு மண்ணில் 7க்கு மேல், அதாவது காரப்பக்கம், இருந்தால் சாம்பலே வேண்டாம். அத்தகைய மண்ணில் மேலும் காரம் ஏறினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகின்றன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர் மஞ்சளாக வெளுப்பதைக் கண்டு, சத்துக் குறைவு என்று எண்ணி இன்னும் ஒரு கை சாம்பல் போடுகிறவர்களும் உண்டு. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் சாம்பலைக் கொண்டுபோக வேண்டாம்; மண்ணின் அமிலம் குறைந்தால் கிழங்கின் தோலில் சொறிநோய் எளிதாகப் பற்றும்.

யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களோடும் புதிய சாணத்தோடும் சாம்பலைக் கலக்கக் கூடாது. கலந்த சிறிது நேரத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழும். தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறுவதன் அடையாளம் அது. எருக்குழியிலும் இந்தக் காரணத்தாலேயே சாம்பலை அடுக்குக்கு அடுக்கு மெல்லியதாகத் தூவினால் போதும், கொட்டக் கூடாது. வண்ணம் பூசிய மரம், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம், ஒட்டுப்பலகை, நெகிழி, நிலக்கரி ஆகியவற்றின் சாம்பல் எக்காரணம் கொண்டும் தோட்டத்துக்கு வரக் கூடாது. மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும், அது எரிந்த பிறகும் சாம்பலில் தங்கும்.

இனி எரிக்காமல் மிச்சமாகும் சருகு, வைக்கோல், மரத்தூள், வெட்டிய புல் ஆகியவற்றைப் பார்ப்போம். இவை மட்குவதற்குக் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைய வேண்டும். பச்சைப் புல்லில் இது இருபதுக்கு ஒன்றை ஒட்டியும், வைக்கோலில் எண்பதுக்கு ஒன்றை ஒட்டியும், மரத்தூளில் இருநூறுக்கு மேலும் இருக்கிறது. மரத்தூளை அப்படியே மண்ணில் புதைத்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ள, செடி வெளிறிப் போகும். அதையே மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. சருகோடு பச்சைப் புல்லைச் சேர்த்துக் குவித்து, பிழிந்த துணியின் ஈரம் அளவுக்கு நனைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால், தீயில் போயிருக்கும் தழைச்சத்தில் கணிசமான பங்கு மண்ணுக்குத் திரும்பும்.

சாம்பலைச் சேர்த்து வைப்பவர்கள் முழுவதும் ஆறிய பிறகு, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில், மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் கங்கு இரண்டொரு நாள் கழித்தும் பற்றிக்கொள்ளும். நெகிழி வாளி அதற்கு ஈடுகொடுக்காது. மழையில் நனைந்துவிட்ட குவியலைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. பொட்டாசியம் நீரில் கரைந்து ஓடியிருக்கும், சுண்ணாம்பு அப்படியே இருக்கும். அதைச் சாம்பல் சத்து என்ற கணக்கில் சேர்க்காமல், அமில மண்ணுக்கு இடும் சுண்ணாம்பாகவே கருதி அளந்து இடலாம்.