மலிவு விலை பம்ப் ஷாட்கன்: எதைப் பார்த்து வாங்குவது?

அடுத்த கேள்வியை டெக்சாஸிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாராம். கடையில் மூன்று பம்ப் ஷாட்கன்களை, அதாவது குழலுக்குக் கீழே இருக்கும் முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் சிதறல் துப்பாக்கிகளை, காட்டியிருக்கிறார்கள்: புதிய மாவெரிக் 88, பழைய ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ், இவற்றைவிட மலிவாகத் துருக்கியில் செய்த ஒன்று. "மாவெரிக்கைக் கையில் எடுத்தால் முன்பிடி கடகடவென்று ஆடுகிறது, உடல் அலுமினியம், இது தேறுமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகத் தேறும். நீங்கள் சொன்ன இரண்டுமே குறைகள் அல்ல.

முதலில் அலுமினியம். தோட்டா வெடிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தாங்குவது வெளியே தெரியும் உடல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் உலோகக் கட்டையான போல்ட்டின் மேலே எஃகுப் பூட்டு ஒன்று எழும்பி, குழலின் பின்பக்க நீட்சியில் இருக்கும் பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. எஃகு எஃகைப் பிடித்துக்கொள்கிறது. உடல் அந்த உறுப்புகளைச் சுமக்கும் கூடு மட்டுமே. மாஸ்பெர்க் 500 துப்பாக்கியும் 1960களின் தொடக்கத்திலிருந்து இதே அலுமினிய உடலோடுதான் வருகிறது. மாவெரிக் அதன் தம்பி. மாஸ்பெர்க்கின் துணை நிறுவனம் உங்கள் டெக்சாஸிலேயே, ஈகிள் பாஸ் ஊரில்தான் அதைத் தயாரிக்கிறது.

முன்பிடி ஆடுவதும் அப்படித்தான். அது குழலுக்குக் கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தோட்டாக் குழாயின் மேல் சறுக்கி ஓட வேண்டிய பாகம். கரியும் தூசியும் படிந்தாலும் ஓடுவதற்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: முன்பிடியிலிருந்து போல்ட்டுக்குப் போகும் எஃகுச் சட்டங்கள் இரண்டு இருக்கின்றனவா? ஒற்றைச் சட்டமாக இருந்தால், அவசரமாக இழுக்கும்போது கோணலாகி இறுகிக்கொள்ள வாய்ப்புண்டு. மாவெரிக்கில் இரண்டு இருக்கின்றன.

அப்படியானால் விலை எப்படி 250 டாலரை ஒட்டி நிற்கிறது? காசை மிச்சம் பிடித்த இடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மாஸ்பெர்க் 500இல் பாதுகாப்புப் பொத்தான் உடலின் மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருக்கும். மாவெரிக்கில் அது விசைக்காப்பின் பக்கத்தில் குறுக்காகப் போகும் சாதாரணப் பொத்தான். இடது கைக்காரருக்கு அது தொல்லைதான். முன்பிடியைத் தனியாகக் கழற்றி எளிதில் மாற்ற முடியாது. மெருகு சுமார். ஆனால் பூட்டிலும் குழலிலும் கை வைக்கவில்லை. நல்ல மலிவுப் பொருளுக்கு அடையாளமாக நான் பார்ப்பது இதைத்தான். இன்னொரு வசதியும் உண்டு. தோட்டா கொள்ளளவு ஒத்துப்போனால் மாஸ்பெர்க் 500இன் குழல்கள் இதில் பொருந்தும்.

கடையில் இதைச் செய்துபாருங்கள். தோட்டா அறையும் தோட்டாக் குழாயும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு, முன்பிடியை முன்னே தள்ளிப் பூட்டி, விசையைத் தொடாமல் பின்னால் பலமாக இழுங்கள். சிறு ஆட்டம் இருக்கலாம், ஆனால் பூட்டு திறந்து பின்னே வரக் கூடாது. பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்துங்கள். சுத்தியல் விழக் கூடாது. பொத்தானை எடுத்துவிட்டு அழுத்தினால் விழ வேண்டும், அதன் பிறகு முன்பிடி தடையின்றிப் பின்னே வர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

பழைய 870க்கு வருவோம். 1950இல் வந்த வடிவமைப்பு, 1 கோடிக்கு மேல் விற்றது, உடலே எஃகு. எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கி அது. ஆனால் எக்ஸ்பிரஸ் என்பது அதன் சிக்கன வடிவம். பிற்காலத்தில் வந்தவற்றில் சொரசொரப்பான தோட்டா அறையும், எளிதில் துருப்பிடிக்கும் மேற்பூச்சும் பலரும் சொல்லும் புகார்கள். சிறு விளக்கு ஒன்றைக் கொண்டுபோய் அறைக்குள் அடித்துப் பாருங்கள். வட்ட வட்டமாகக் கருவிக் கீறல்கள் தெரிந்தால், மலிவான எஃகு அடித் தோட்டாக்கள் சுட்ட பிறகு அங்கே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். மெருகேற்றிச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அறை வழவழப்பாக இருந்து, துருவும் இல்லாமல், விலையும் மாவெரிக்கை ஒட்டி இருந்தால் யோசிக்காமல் 870ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரெமிங்டன் நிறுவனம் 2018இலும் 2020இலும் திவாலானது உண்மைதான். இருந்தாலும் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை.

துருக்கித் துப்பாக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பெய்ஷெஹிர் வட்டாரத்தில் அருமையான கைவினைஞர்கள் இருக்கிறார்கள். தரமானவையும் வருகின்றன. ஆனால் அடிமட்ட விலைக்கு வரும் பெயர் தெரியாத மாடலில் தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி உடைந்தால் மாற்று ஊசியை எங்கே தேடுவீர்கள்?

எந்த மாடல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டு சுடுவதற்கு 18.5 அங்குலக் குழல் வேண்டாம். அது வீட்டுக் காவலுக்கானது, வழக்கமாகக் குழல் முனையில் சிதறலை ஒடுக்கும் குறுக்கம் (சோக்) அதில் இல்லாததால் சிதறல் சீக்கிரம் விரிந்துவிடும். சோக் மாற்றக்கூடிய 28 அங்குலக் குழலாகப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் "துப்பாக்கி சிக்குகிறது" என்று சொல்வதில் பெரும்பாலானவை முன்பிடியைக் கடைசிவரை இழுக்காததால் வருபவை. நிறையச் சுட்டால் அது சரியாகிவிடும்.

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை. ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.