ஆங்கிலத்தில் ஆமாம் போடுவது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்த ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஆபீசில் யார் என்ன சொன்னாலும் 'யெஸ், யெஸ்' என்கிறேன், இல்லாவிட்டால் 'ஐ அக்ரி' என்கிறேன். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மற்றவர்கள் எப்படித்தான் ஆமாம் போடுகிறார்கள்?"

நல்ல கேள்வி. 'ஐ அக்ரி' தப்பில்லை. 'ஐ ஆம் அக்ரி' என்றுதான் சொல்லக் கூடாது. ஆனால் அது கூட்டத்தில் ஒரு யோசனையை ஆமோதிக்கும்போது பொருந்துகிற பேச்சு. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே "இட்ஸ் ஸோ ஹ்யூமிட் டுடே" என்கிறார். அவரிடம் "ஐ அக்ரி" என்றால் மேலே பேச அவருக்கு என்ன இருக்கிறது? "இட் இஸ், இஸிண்ட் இட்?" என்று சொல்லிப் பாருங்கள். டர்பன் வழக்கில் "இட் இஸ், ஹே" என்றாலும் போதும்.

கொஸ்டின் டேக், அதாவது 'இஸிண்ட் இட்?' போல வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வி பற்றிப் பேசியபோதே இதைச் சொன்னேன், பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். எதிரில் பேசுபவரின் வாக்கியத்தில் எந்தத் துணைவினை ('இஸ்', 'ஹாவ்', 'கான்' போன்றவை) இருக்கிறதோ, அதைப் பிடித்து அவரிடமே திருப்பிக் கொடுங்கள். இங்கே பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். அன்று யாராவது "தே ஹாவ் புட் இட் அப் அகெய்ன்" என்று புலம்பினால், "தே ஹாவ்!" என்றாலே நீங்களும் சேர்ந்து புலம்பியாயிற்று. "ஐ லவ் பன்னி சௌ" (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் டர்பன் உணவு) என்பதில் துணைவினை வெளியே தெரியவில்லை, அதனால் 'டூ' வரும்: "ஸோ டூ ஐ." "ஐ காண்ட் ஸ்டாண்ட் திஸ் ட்ராஃபிக்" என்றால் "நைதர் கான் ஐ."

எதிர்மறையில்தான் நம்மவர்கள் உண்மையிலேயே கஷ்டப்படுகிறார்கள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த ஓர் அம்மா, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். நர்ஸ் கேட்டார்: "யூ ஹாவண்ட் ஈட்டன் எனிதிங்?" அம்மா பளிச்சென்று "யெஸ், யெஸ்" என்றார். தமிழில் அது முழுக்கச் சரி: ஆமாம், சாப்பிடவில்லை. நர்ஸ் புரிந்துகொண்டது, சாப்பிட்டுவிட்டார் என்று. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பசியோடு வந்த வயதானவரை இப்படித் திருப்பி அனுப்பியதைக் கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆங்கிலத்தில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்காதீர்கள், நடந்ததைப் பாருங்கள். சாப்பிடவில்லையா? "நோ, ஐ ஹாவண்ட்." பாருங்கள், மறுபடியும் அவர் சொன்ன அதே துணைவினைதான்.

அப்புறம், நீங்கள் காதுகொடுத்துக் கேட்டுப் பழக இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். பிள்ளை, கவெண்டர், நாயுடு என்று பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசப் போவோம், பதில் ஆங்கிலத்தில் வரும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். இன்று பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சுமொழி. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு கடை வரிசையில் பின்னால் நின்று கேளுங்கள். "மை சன் காட் எ ஜாப்." "இஸ் இட்?" அது கேள்வி இல்லை, 'அப்படியா, சொல்லுங்கள்' என்பது. இலக்கணப்படி 'டிட் ஹீ?' என்று வர வேண்டும், ஆனால் தென்னாப்பிரிக்காவில் எல்லாவற்றுக்கும் 'இஸ் இட்' செல்லும். "லோட்ஷெடிங் அகெய்ன்!" "டெல் மீ அபவுட் இட்." இதைக் கேட்டு மின்வெட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். 'எனக்கும் அதே அவதிதான்' என்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் எனக்குச் சொல்ல ஆசை. அந்த 'யெஸ், யெஸ்' உண்மையில் ஆமாம் இல்லை. நாம் கதை கேட்டாலும் போனில் பேசினாலும் உம் கொட்டிப் பழகியவர்கள். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்' என்பதற்கு நம் வாயில் 'யெஸ்' வந்துவிடுகிறது. சனிக்கிழமையும் வேலைக்கு வரவேண்டிய காரணத்தை மேனேஜர் விளக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் 'யெஸ்' சொன்னால், நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே அவர் எழுதிக்கொள்வார். வேகமாகச் சொன்னால் இன்னும் மோசம், 'சீக்கிரம் முடி' என்பதுபோல் கேட்கும். உம் கொட்ட 'ம்ஹ்ம்', 'ரைட்', 'ஐ ஸீ' இருக்கின்றன. 'யெஸ்'ஸை உண்மையாகவே சம்மதிக்கும்போது சொல்லுங்கள்.

பாதி மனதோடு சம்மதம் என்றால் "ஐ சப்போஸ் ஸோ." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றால் "ஃபேர் இனஃப்." சனிக்கிழமை முடியாதென்றால், "ஐ ஸீ வாட் யூ மீன்" என்று சொல்லிச் சற்று நிறுத்துங்கள், பிறகு "பட் சாட்டர்டே இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ." அவசரப்பட்டு முன்னால் ஒரு 'யெஸ்' மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.