முகம் மூலையில், பியானோ நடுவில்

வணக்கம். பேச்சுக்கு முன்னால் இந்தப் படத்தைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். வெளிறிய சுவர். அதன்மேல் கன்னங்கரேலென்று ஒரு பியானோவின் திறந்த மூடி. படத்தின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆளைத் தேட வேண்டியிருக்கிறது, இல்லையா? இதோ, இடப்பக்கக் கீழ் மூலையில், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1946இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆர்னால்ட் நியூமன் எடுத்தது. அப்போது நியூமனுக்கு 28 வயது.

நியூமன் ஓவியராக வேண்டுமென்று மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பணம் போதவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1938இல் பிலடெல்ஃபியாவில் ஒரு மலிவு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு படம் 49 சென்ட். நானும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் காலம் தள்ளியவன்தான். "தாடையை இறக்குங்கள், தோளை நேராக வையுங்கள்" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. கடையைச் சாத்தும்போது ஒரு முகமும் நினைவில் இருக்காது. பின்னால் தொங்கிய திரையின் நீலம் மட்டும் கண்ணுக்குள் நிற்கும்.

அந்த அலுப்புதான் நியூமனைத் திரும்ப வைத்தது என்பது என் ஊகம். ஓவியர்களைப் படமெடுக்கத் தொடங்கியபோது, திரையை மூட்டை கட்டிவிட்டு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனார். 1941இல் நியூயார்க்கில் நண்பர் பென் ரோஸுடன் கண்காட்சி வைத்தார், பெரியவர்கள் கண்ணில் பட்டார். அடுத்த ஆண்டே ஓவியர் மோந்திரியானைப் படமெடுத்தார். நேர்க்கோடும் செவ்வகமுமாக வரைந்தவர் அல்லவா? அவரை ஓவியத் தாங்கியின் கட்டைகளோடு சேர்த்து நிறுத்தி, படத்தையே ஒரு மோந்திரியான் ஓவியமாக்கிவிட்டார். எனக்கு அதில் சாமர்த்தியம் ஒரு சிட்டிகை கூடுதலாகத் தெரியும். சக ஓவியரின் குறும்பு என்று விட்டுவிடுகிறேன்.

ஸ்ட்ராவின்ஸ்கி படத்தில் அந்த உறுத்தல் இல்லை. இத்தனைக்கும் அது அவருடைய வீடும் அல்ல, அவருடைய பியானோவும் அல்ல. அந்த மூடி, இசைக்குறிப்பில் சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும், 'b' எழுத்துப் போன்ற 'ஃபிளாட்' குறியைப்போல நியூமன் கண்ணுக்குப் பட்டது, அவ்வளவுதான். நெகட்டிவில் அறை இன்னும் விரிந்து கிடக்கிறது. வேண்டாததையெல்லாம் அச்சிடும்போது வெட்டித் தள்ளியிருக்கிறார். என் விரலால் மறைத்துக் காட்டுகிறேன் பாருங்கள்: மூடியை மறைத்தால், சோர்ந்துபோன ஒரு மனிதர், அவ்வளவுதான். விரலை எடுத்தால் அதே மனிதருக்குத் தலைக்குமேல் இசை நிற்கிறது.

ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ் கேட்டு எடுத்த படம் இது. வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆள் எங்கே என்று அவர்களும் தேடியிருப்பார்களோ என்னவோ.