வட்டத்தின் மேல் ஒரு வட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பொழுதுபோக்குப் பூங்காவில் சுழலும் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தட்டு ஒன்று சுழலும். அதன்மேல் உள்ள கோப்பை தன் பங்குக்குத் தனியே சுழலும். கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்திருப்பவர் தரையைப் பொறுத்து எவ்வளவு வேகத்தில் போகிறார்?

தட்டு நிமிடத்துக்கு 6 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். தட்டின் மையத்திலிருந்து கோப்பையின் மையம் 4 மீட்டர். அங்கிருந்து நம் ஆள் 1 மீட்டர். தட்டின் மேல் நின்று எண்ணினால் கோப்பை அதே திசையில் நிமிடத்துக்கு 12 சுற்று.

ஒரு வினாடியில் திரும்பும் கோணமே கோணவேகம்; அதை ரேடியனில் அளக்கிறோம், ஒரு முழுச் சுற்று 6.28 ரேடியன். ஆரத்தைக் கோணவேகத்தால் பெருக்கினால் வேகம். தட்டின் கோணவேகம் வினாடிக்கு 0.628 ரேடியன், ஆகவே கோப்பையின் மையம் வினாடிக்கு 2.51 மீட்டர் போகிறது. கோப்பையின் 12 சுற்றுக்கு 1.26 மீட்டர். கூட்டினால் 3.77. பலரும் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். விடை தவறு.

அந்த 12 என்பது தட்டின் மேல் நிற்பவர் எண்ணியது. அவரே சுழன்றுகொண்டிருக்கிறார் அல்லவா! கோப்பையைத் தட்டோடு ஆணியடித்துப் பொருத்தினாலும், தட்டு ஒரு சுற்று வரும்போது கோப்பையும் ஒருமுறை திரும்பித்தான் ஆக வேண்டும். தரையில் நிற்பவர் எண்ணுவது 18 சுற்று. அப்போது கோப்பையின் பங்கு 1.88 மீட்டர், மொத்தம் சுமார் 4.4.

அதுவும் ஆள் வெளிவிளிம்பில் இருக்கும்போது மட்டும். இரண்டரை வினாடியில் அவர் உள்பக்கம் வந்துவிடுவார். அங்கே இரு வேகங்களும் எதிரெதிர். மிஞ்சுவது வெறும் 0.63.

கோப்பையைத் தட்டின் மேல் 24 சுற்றாக முடுக்கினால் உள்பக்கத்தில் ஆள் பின்னோக்கியே போவார். கோள்கள் சில காலம் வானில் பின்வாங்குவதாகத் தோன்றுவதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி இதே வட்டத்தின் மேல் வட்டத்தைக் கொண்டுதான் விளக்கினார். பூமியை அவர் நடுவில் வைத்தது பிழை. வடிவியலைக் குறை சொல்ல முடியாது.

உடம்பு உணர்வது வேகத்தை அல்ல, முடுக்கத்தை; அதாவது வேகமோ அதன் திசையோ எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை. ஒவ்வொரு வட்டத்துக்கும் கோணவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்க வேண்டும். வெளிவிளிம்பில் 1.58, 3.55 இரண்டும் சேர்ந்து 5.13 மீ/வி², புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்கும் மேல்.

இப்போது கோப்பையை எதிர்த்திசையில் 12 சுற்று சுற்றுங்கள். தரையிலிருந்து பார்த்தால் அது எதிர்த்திசையில் 6 சுற்றுதான். வெளிவிளிம்பில் வேகம் 1.88, உள்பக்கத்தில் 3.14. அதாவது மெதுவாகப் போகும் இடம் வெளிவிளிம்பு. ஆனால் முடுக்கமோ வெளியே 1.97, உள்ளே 1.18. வர்க்கம் எடுத்ததும் எதிர்க்குறி மறைந்துவிடுகிறது. ஆகவே வேகம் மிகக் குறைந்த அதே இடத்தில்தான் அவர் இருக்கையின் சுவரோடு மிக அழுத்தமாக ஒட்டிக்கொள்கிறார்.