மூன்று நாள் தண்ணீர் இல்லை, காரணம் ஓர் இலைக்காம்பு

வணக்கம். தலைமுடி கொஞ்சம் மரியாதையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று நாளைக்கு அப்புறம் இன்று காலைதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் குழாயைத் திறந்து! குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது என்பதற்கெல்லாம் ஒரு வீடியோவா என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் இந்த வீடியோ.

உரக்குழி கதை பாதியில் நிற்கிறது, தெரியும். குவியலுக்குள் செருகிய தெர்மாமீட்டர் 60 டிகிரியைத் தொட்டுவிட்டது, நான் ஆடினேன், அவ்வளவுதான் செய்தி. மீதியை அடுத்த வாரம் பேசலாம். இன்றைக்கு முழுக்கக் கிணற்று மோட்டார்.

அதற்கு முன்னால் ஒரு கமெண்ட். "சிட்டியை விட்டுட்டுப் போனதே எளிமையா வாழத்தானே? எப்பப் பார்த்தாலும் ஏன் பைப்பு, வால்வுன்னே பேசுறீங்க? சூரிய உதயம் காட்டுங்க." இது வந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை மோட்டார் படுத்துவிட்டது. உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும் நண்பரே.

செவ்வாய்க் காலை சுவிட்சைப் போடுகிறேன், மோட்டார் ஓடுகிறது. சத்தம் மட்டும் வேறு. என் மோட்டார் சத்தம் உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும், எந்த வீடியோவிலும் பின்னால் உறுமிக்கொண்டு கிடக்கும். மூட்டை தூக்குகிறவர் முனகுவது மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கு அது வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி லேசாக, விர்ரென்று ஓடுகிறது. தொட்டிக்குப் போகிற குழாயில் காதை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

என்ன செய்தேன்? நகரத்தில் பழகிய கை, நேராக போனுக்குப் போனது. ஒரு மெக்கானிக். பெயர் வேண்டாம். ஆள் வரவே இல்லை, போனிலேயே தீர்ப்பு. "காயில் போயிருக்கும் சார், புது மோட்டார் போட்டுடுங்க." நானும் சரிங்க என்று வைத்துவிட்டேன். காயில் என்றால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி. அது போன மோட்டார் எப்படி ஓடும் என்ற கேள்வி எனக்குச் சாயங்காலம்தான் உதித்தது. புது மோட்டாரின் விலையை என் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு, அதையே பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அசிங்கத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் வேலி ஓரமாக வந்து நின்று கேட்டார். "மோட்டார் ஓடுதுல்ல தம்பி? அப்ப அதை விடு. கீழே பாரு." அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற இந்த மாதிரி பம்பு தண்ணீரை 'உறிஞ்சும்' என்று நாம் நினைக்கிறோம். உறிஞ்சுவதில்லை. உள்ளே இருக்கிற சக்கரம் தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது, கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கிற காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால் சக்கரம் காற்றைத்தான் வீசும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அப்படியானால் காற்றை வீசி என்ன அழுத்தம் குறையப் போகிறது? ஒன்றும் நடக்காது, விர்ர் என்று ஓடும். அந்த வெறுங்கைச் சத்தம் இதுதான்.

ஆக, தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றினேன். ஒரு வாளி, இரண்டு வாளி... ஒரு சின்னக் குழாய் பதினொரு வாளி குடிக்குமா? குடித்தது. ஊற்ற ஊற்றக் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. நடுவில் பொறுமை இல்லாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட்டியும் பார்த்தேன், ரப்பர் கருகுகிற வாசனை லேசாக வந்தது. அதைச் செய்யாதீர்கள். பம்புக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் ஒன்று இருக்கிறது, அதைக் குளிரவைப்பதே தண்ணீர்தான்.

அடுத்த சந்தேகம், தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதோ? கயிற்றில் கல்லைக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு இறக்கினேன். பம்பிலிருந்து தண்ணீர் வரை ஐந்தரை மீட்டர். பயமில்லை. ஏனென்றால் இதற்கு ஒரு எல்லை இருக்கிறது, எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் தாண்ட முடியாத எல்லை. 1644-ல் இத்தாலிக்காரர் டோரிசெல்லி எழுதிய கடிதத்தில் இதன் விளக்கம் இருக்கிறது. பாதரசத்தைக் காற்று சுமார் 76 சென்டிமீட்டர் உயரம்தான் தாங்கிப் பிடிக்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள், 10.3 மீட்டர் வரும். அதற்கு மேல் கிணற்றின் தலையில் உட்கார்ந்து இந்த மாதிரி எந்தப் பம்பாலும் தண்ணீரை ஏற்ற முடியாது. உராய்வு, இணைப்பு என்று எல்லாம் போக நடைமுறையில் ஏழு மீட்டர் கிடைத்தாலே பெரிது. புது மோட்டார் போடச் சொன்னவரிடம் இதைச் சொல்ல ஆசை. போன் எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது புட் வால்வு. குழாயின் அடி நுனியில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. புதன்கிழமை முழுக்க அந்த ஹோஸை மேலே இழுத்த கதைதான். கையைப் பாருங்கள். இது ஹோஸ், இது கயிறு, இது என் அவசரம். வால்வைத் திறந்தால், மூடிக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் ஓர் இலைக்காம்பு. இலை கூட இல்லை, காம்பு. என் சுண்டுவிரலில் பாதி. வால்வைச் சுற்றியிருக்கிற வலைக்கூடையில் ஒரு மூலை கிழிந்திருந்தது, அது வழியாக உள்ளே போயிருக்கிறது. இதோ, எடுத்து வைத்திருக்கிறேன். கேமரா ஃபோகஸ் ஆகமாட்டேன் என்கிறது. ஆச்சு. தெரிகிறதா? இதற்காக ஒரு மனிதன் மூன்று நாள் குளிக்கவில்லை.

கழுவி, கிழிந்த மூலையைக் கம்பியால் தைத்து, இறக்கி, நிரப்பி, சுவிட்ச் போட்டால், தண்ணீர்! நான் கத்திய கத்தலுக்குப் பெரியவர் வேலிக்கே ஓடி வந்தார். இரண்டு நிமிடம். நின்றுவிட்டது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பம்புக்குக் கீழே இருக்கிற குழாயில் கசிவு இருந்தால் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது. உள்ளே அழுத்தம் குறைவு, அதனால் காற்றுதான் உள்ளே போகும். ஒழுகாத ஒழுகல்! ஈரமே இல்லாத இடத்தில் ஓட்டையைத் தேட வேண்டும். பெரியவர் சொன்ன வழி: மோட்டாரை நிறுத்து, மேல்வாய் வரை தண்ணீர் நிரப்பு, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தைச் சுற்று, கொஞ்ச நேரம் சும்மா இரு. நிற்கும்போது தண்ணீரின் பாரம் வெளியே தள்ளும், எந்தக் காகிதம் நனைகிறதோ அதுதான் திருடன். பம்போடு சேர்கிற இணைப்பில் சுற்றிய காகிதம் நனைந்தது. நான் போட்ட இணைப்பு.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்துவிட்டது. 'மோட்டார் மாட்டியாச்சு' வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அதில் இணைப்பு ஒழுகாமல் இருக்க மரையில் டேப் சுற்றுவேன். கீழே ஒருவர், "மரையின் வாயைப் பார்த்தபடி கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றணும், நீங்க எதிர்த்திசையில் சுற்றுறீங்க, முறுக்கும்போது பிரிஞ்சுடும்" என்று எழுதியிருந்தார். நான் சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. பிரிந்து, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை அழித்துவிட்டேன். புது டேப் ஒரு சுருள், வேறு செலவே இல்லை. நோட்டில் புது மோட்டார் விலைக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

அந்த மூன்று நாளும் வாளியால்தான் இறைத்தேன். ஒரு வாளி பத்து லிட்டர், அதாவது பத்து கிலோ. ஓர் ஆளின் அடிப்படைத் தேவைக்கு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைக்கு ஊற்றாத ஆளாக நான் 40-ல் ஓட்டினேன். நகரத்தில் இருந்தபோது எத்தனை செலவழித்தேன் என்று கேட்டால் தெரியாது. அங்கே எண்ணவே வேண்டாம், யாரோ எண்ணினார்கள், யாரோ வால்வைக் கழுவினார்கள். எளிமையாக இருந்தது அந்த வாழ்க்கைதான். இங்கே தண்ணீர் வாரியம், குப்பை வண்டி, எலக்ட்ரீஷியன் எல்லாம் நானே. அதற்காகத் திரும்பிப் போவேனா என்றால், மாட்டேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. எளிமை என்ற பேர் மட்டும் வேண்டாம், அதுவும் மெதுவாக நகர்கிற வீடியோவில் புல்லாங்குழல் இசையோடு வேண்டவே வேண்டாம்.

இன்னொருவர், "இப்ப எல்லாரும் கிராமத்துக்குத்தான் திரும்புறாங்க" என்கிறார். இல்லைங்க. உலகத்தில் பாதிப் பேர் நகரத்தில் என்ற கோட்டை 2007 வாக்கிலேயே தாண்டிவிட்டோம் என்பது ஐ.நா. கணக்கு, அது ஏறிக்கொண்டுதான் போகிறது. எதிர்த்திசையில் நடக்கிறவர்கள் வீடியோ போடுகிறோம், அதனால் கூட்டம் மாதிரித் தெரிகிறது.

அப்புறம் அந்த தோரோ, எளிமையாக வாழ்வதைப் பற்றி 'வால்டன்' என்ற புத்தகம் எழுதியவர். வாராவாரம் யாராவது அவர் பேரை எழுதிவிடுகிறீர்கள். 1845 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் வால்டன் குளக்கரைக்குக் குடி போனார், 1847 செப்டம்பரில் கிளம்பிவிட்டார். இரண்டு வருடம், இரண்டு மாதம். காட்டில் தனியாக என்று நினைக்காதீர்கள், ஊர் நடக்கிற தூரம்தான், அடிக்கடி போய் வந்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது தத்துவம் இல்லை, கணக்கு. குடிசைக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். ஆணி இவ்வளவு, பழைய செங்கல் இவ்வளவு என்று போய், சாக்கட்டிக்கு ஒரு சென்ட் என்பதையும் எழுதியிருக்கிறார். சுண்ணாம்புக்கு எதிரே, விலை அதிகம் என்று ஒரு முணுமுணுப்பு வேறு. அந்த முணுமுணுப்பைப் படித்த அன்றைக்குத்தான் ஆள் நம்ம ஆள் என்று தோன்றியது.

சூரிய உதயம் கேட்டவருக்கு... இருங்கள். ஏதோ கொட்டுகிற சத்தம் கேட்கிறதா? தொட்டி! மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் பேச உட்கார்ந்தேன், நிறுத்தவே இல்லை. மூன்று நாள் தண்ணீர் இல்லாதவன் வீட்டில் தண்ணீர் வழிகிறது. ஓடுகிறேன்.