மூன்றே முக்கால் பென்ஸ்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். 1842 மே 2ஆம் நாள் லண்டன் தொழிலாளர்கள் ஊர்வலமாகச் சுமந்து சென்ற ஒரு விண்ணப்பத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். தாளோடு தாளை ஒட்டிச் சுருட்டிய அது ஆறு மைலுக்கு மேல் நீண்டது என்பார்கள். ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்துக் கொண்டுவந்தவர்கள், பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையின் வாயிலில் அது நுழையாது என்று கண்டு, பகுதி பகுதியாகப் பிரித்து உள்ளே எடுத்துச் சென்று தரையில் குவித்தார்கள். அதில் இருந்தவை 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள். வாக்குரிமை மறுக்கப்பட்டவர்கள் தங்கள் வாக்கை அந்தத் தாளில் பதித்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

வாக்குரிமையையும் தொகுதிகளையும் திருத்தியமைத்த 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்காக நடுத்தர வர்க்கத்தாரோடு சேர்ந்து போராடியவர்கள் இதே தொழிலாளர்கள்தாம். குடியிருப்போரே இல்லாத ஓல்டு சாரம் போன்ற தொகுதிகள் ஒழிந்தன. மான்செஸ்டருக்கு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஆனால் நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை பெறக்கூடிய வீட்டில் சொந்தமாகவோ வாடகைக்கோ குடியிருப்பவருக்கே வாக்கு என்று சட்டம் வரையறுத்ததால், நெசவாளி வெளியிலேயே நின்றார். அந்தப் புதிய நாடாளுமன்றமே 1834இல் ஏழைகளுக்கு உதவி வழங்கும் ஏழைகள் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, தாம் ஏமாந்ததை அவர் பட்டறிவால் உணர்ந்தார்.

இந்த மனக்கசப்பிலிருந்து 1838இல் பிறந்ததுதான் மக்கள் சாசனம். வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல், வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி நீக்கம், உறுப்பினருக்கு ஊதியம், இரகசிய வாக்கெடுப்பு ஆகிய ஆறும் அதன் கோரிக்கைகள். இவற்றுள் கடைசியைச் சிறிது விளக்க வேண்டும். அக்காலத்தில் வாக்காளர் ஊரார் முன்னிலையில், யாருக்கு வாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரின் கண்ணெதிரே குத்தகைக்காரர் எப்படி மனம்போல் வாக்களிப்பார்?

இந்தச் சாசனத்தைக் கோரிய இரண்டாம் விண்ணப்பமான 1842 விண்ணப்பம் சொற்களை மென்று விழுங்கவில்லை. அரசியாருக்கு நாளொன்றுக்கு 164 பவுண்டு 17 ஷில்லிங் 10 பென்ஸ் சேர்கையில், பல்லாயிரம் உழைப்பாளர் குடும்பங்களில் தலைக்கு மூன்றே முக்கால் பென்ஸ்தான் கிடைக்கிறது என்று அது கணக்குப் போட்டுக் காட்டியது. மறுநாள் விவாதத்தில், நம் நாட்டுக் கல்வி வரலாற்றால் நமக்கு அறிமுகமான மெக்காலே, அனைவருக்கும் வாக்குரிமை அளித்தால் சொத்துக்குப் பாதுகாப்பிராது என்று எதிர்த்தார். விண்ணப்பதாரர்களை அழைத்துக் கேட்கலாம் என்பதற்கு ஆதரவாக 49 பேரும் எதிராக 287 பேரும் வாக்களித்தார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கவும் அவை மறுத்தது என்பதுதான் என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

1848இல் மூன்றாம் விண்ணப்பமும் தோற்றது, இயக்கமும் தளர்ந்தது. எனினும் சொத்துத் தகுதி 1858இல் நீங்கியது. உறுப்பினர்களுக்கு 1911இல் ஊதியம் வந்தது. இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872இல் நிறைவேறி, அதே ஆண்டு ஆகஸ்டில் யார்க்‌ஷயரின் பான்டிஃபிராக்ட் நகர் இடைத்தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அங்கு வாக்குப்பெட்டியை மூடிய அரக்கின்மேல் பதிந்திருப்பது, அவ்வூரார் அதிமதுர மிட்டாய்மீது குத்தும் முத்திரை. அந்தப் பெட்டியை இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.